பந்தில் விழுந்த ஜன்னல்

வஞ்சிரத்தை எண்ணெயில் போட்டதும் எழுந்த புகை பழக்கதோஷத்தில் ஜன்னல் பக்கம் போய், அங்கே வழியில்லாமல் முட்டி, திரும்பி நேராக அம்சவேணியின் முகத்துக்கே வந்தது. கல்யாணமாகி இந்த ஹவுசிங் போர்டு வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அடுப்புக்கு நேரே இருக்கிற ஜன்னல் அது. இப்போதும் இருக்கிறது, இல்லாமலும் இருக்கிறது. மரக்கதவு இரண்டையும் வெளியிலிருந்து சாத்தி, ஓர் ஆணி அடித்து, இடுக்கில் எல்லாம் பட்டி வைத்து அப்பி, அதன்மேல் கறுப்பும் வெள்ளையுமாகப் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். வெளியே நின்று பார்க்கிறவனுக்கு அது கால்பந்து. அந்தப் பந்தை உதைக்கிற ஆள் அவள் புருஷன் மேகநாதன், தரையிலிருந்து மொட்டைமாடி வரைக்கும் சுவர் முழுக்க. கல்கத்தா கிளப்புக்கு இடது ஓரத்தில் ஆடிய லெஃப்ட்-அவுட் மேகநாதன், ஆட்டத்தை விட்டு எத்தனையோ வருஷம் கழித்து, முழங்கால் இரண்டும் தேய்ந்து, வயிறு சரிந்து, சர்க்கரை மாத்திரை போடுகிற வயதில் இப்போது சுவரில் பறந்துகொண்டிருக்கிறார். கீழே மைதானத்தில் ஷாமியானா போட்டு அந்தப் படத்துக்குத் திறப்பு விழா. விழா முடிந்ததும் சீஃப் கெஸ்ட் மாடிக்கு வந்து மேகநாதன் வீட்டு மீன் வறுவல் சாப்பிடப் போகிறாராம். அதற்குத்தான் இந்தப் புகை. மேடையில் அவளுக்கும் ஒரு நாற்காலி போடலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் போய் உட்கார ஆசையில்லை, ஆனால் தோன்றியிருக்கலாம் அல்லவா. புகையில் டர்பன்டைன் நாற்றம் கலந்திருந்தது. மூன்று வாரமாக இந்த வீட்டில் சோற்றில் டர்பன்டைன், காபியில் டர்பன்டைன், தலையணையில் டர்பன்டைன். மீன் துண்டைத் திருப்பிப் போட்டாள். கையில் எண்ணெய் தெறித்தது, புடவையில் துடைத்துக்கொண்டாள்.

பந்தில் ஓட்டை இருந்தால் பார்க்க அசிங்கமாக இருக்கும். அப்படித்தான் சொன்னான் அந்த ஆர்ட்டிஸ்ட், இளம்பரிதி என்று பெயர், ஆர்ட் காலேஜில் படித்தவனாம். சாரத்தில் நின்றுகொண்டு இதே ஜன்னல் வழியாக டீ டம்ளரை வாங்கிக் குடித்துவிட்டு, அவள் கொடுத்த டீ தொண்டையில் இறங்குவதற்குள் சொன்னான், மத்த ஜன்னல்லாம் பிரச்சினை இல்லம்மா, கறுப்பு ஷார்ட்ஸ்ல ஒண்ணு விழுது, புல்லுல ஒண்ணு விழுது, தெரியாது, உங்களுதுதான் கரெக்டா பந்துல விழுது, ஓட்டையா இருந்தா அசிங்கமா இருக்கும். அசிங்கமாம். அவள் காலையில் எழுந்து முகம் கழுவிய கையோடு திறக்கிற ஜன்னல் அசிங்கம். அப்படியானால் மூன்றாவது மாடி எஸ்தர் அக்கா ஜன்னல் மட்டும் எப்படித் தப்பித்தது? அது நேராகக் கன்னத்தில் விழுந்தது. எஸ்தர் அக்கா படியிறங்கி வந்து, பிளாக் வாசலில் நின்று, எவனாவது என் ஜன்னல்ல கைய வச்சான்னா என்று ஆரம்பித்துப் போட்ட சத்தத்தில் ஆர்ட்டிஸ்ட் முகத்தையே ஒரு முழம் தள்ளி வரைந்துவிட்டான். முகத்தைத் தள்ளி வரையத் தெரிந்தவனுக்குப் பந்தைத் தள்ளி வரையத் தெரியாதா. தெரியும். பந்தைத் தள்ள வேண்டிய அவசியம் வரவில்லை, ஏனென்றால் பந்துக்குப் பின்னால் இருந்தது மேகநாதன் வீடு. மேகநாதன் கேட்ட மாத்திரத்தில் சரி என்றுவிட்டார். யார் எதைக் கேட்டாலும் சரி என்கிற மனுஷன், கேட்பதற்குள் எடுத்துக் கொடுக்கிற மனுஷன், ஊர் முழுக்க அதே பேச்சு. அவளுக்கு அந்தப் பேச்சைக் கேட்டால் வாயில் எச்சில் ஊறும், வாந்திக்கு முன்னால் ஊறுமே, அந்த எச்சில்.

என்ன கொடுத்தார் என்று யாராவது கேட்டிருக்கிறார்களா? தன் பூட்ஸைக் கொடுத்தாரா, கோப்பையைக் கொடுத்தாரா? அதெல்லாம் கண்ணாடி அலமாரியில் பத்திரமாக இருக்கிறது, பூட்டு சாவியோடு. கொடுத்ததெல்லாம் அவளுடையது. பையன்கள் கோச்சிங் கேம்ப் என்று வந்து நின்றார்கள், அவள் அம்மா வீட்டு குக்கர் போனது. ரெஃப்ரி ஒருத்தர் இடுப்பு வலி என்றார், கட்டில் போனது. தையல் மிஷின் போனபோதுதான் அவள் வாயைத் திறந்தாள், திறந்த வாய் அப்படியே நின்றது, ஏனென்றால் அதை அவர் கொடுத்தது கூட ஆடின ஒருத்தரின் பெண்டாட்டிக்கு, அவன் செத்துப் பதினாறாம் நாள் காரியம்கூட முடியவில்லை. தாலியறுத்தவளுக்குக் கொடுத்ததைக் கொடுக்காதே என்று எந்த வாயால் சொல்வது. அந்தப் பெண் பிறகு ஒருநாள் வந்து அண்ணே நீங்க தெய்வம் என்று அவர் காலில் விழுந்துவிட்டுப் போனாள். அம்சவேணிக்கு ஒரு வணக்கம் சொன்னாள். அந்த மிஷின் இதோ இங்கேதான் இருந்தது, ஜன்னல் வெளிச்சத்துக்கு இடப்பக்கமாக. அவர் கல்கத்தாவில் கோல் அடித்துக்கொண்டிருந்த வருஷங்களில் இவள் இந்த வெளிச்சத்தில் பிளவுஸ் தைத்தாள். கண்ணைத் தூக்கினால் மைதானம், அதற்கப்பால் கால்வாய், கால்வாய்க்கு அப்பால் கூட்ஸ் வண்டி. கால்வாய் நாறும், அதற்கென்ன, நாற்றத்தோடு காற்றும் வந்தது. இப்போது கையை நீட்டினால் பட்டி வாசனை அடிக்கிற மரம். மீனைத் திருப்பு, மீனைத் திருப்பு, கருகுகிறது. திருப்பினாள். நெஞ்சுக்குள் அந்தப் பூனை கத்துகிற சத்தம் ஆரம்பித்துவிட்டது, இழுப்பு வருவதற்கு முன்னால் வருகிற சத்தம். ஜன்னல் இருந்தபோது கம்பியில் நெற்றியை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றால் அடங்கிவிடும். இப்போது எங்கே போய் நெற்றியை வைப்பது.

கீழே மைக்கில் டில்லிபாபு. கிளப் செகரெட்டரி, மேகநாதனின் நிழல். மேடை ஏறினால் அவன் நாக்கில் வேறொருவன் வந்து உட்கார்ந்துகொள்வான். காற்றைக் கிழித்த கால்கள், வங்கத்தை வென்ற வடசென்னையின் வேங்கை என்றெல்லாம் சுவர் வழியாக அதிர்ந்து வந்தது, வார்த்தை பாதி, இரைச்சல் பாதி. காற்றைக் கிழித்த கால்கள். அந்தக் கால்களை அவளுக்குத் தெரியும். நகம் கறுத்து, விரலிடுக்கு வெந்து, சாக்ஸைக் கழற்றினால் முன்னறையில் யாரும் உட்கார முடியாது. வெந்நீர் வைத்து, உப்புப் போட்டு, பிடித்துவிட்டிருக்கிறாள். அதில் அவளுக்கு அருவருப்பு இருந்ததில்லை, அப்போது இல்லை, உழைத்த கால்தானே என்று நினைத்திருக்கிறாள். அருவருப்பு எப்போது வந்தது? சுவரில் அந்தத் தொடையைப் பார்த்தபோதா, எருமை உசரத்துக்கு, மயிர் மயிராக, பளபளவென்று? அந்தப் பல்லைப் பார்த்தபோதா? ஆடும்போது அவர் சிரித்ததே இல்லை, நாக்கை வெளியே தொங்கப் போட்டுக்கொண்டுதான் ஓடுவார், இவன் முப்பத்திரண்டு பல்லும் தெரிய வரைந்து வைத்திருக்கிறான். தலையில் அவ்வளவு முடி. கீழே ஊன்றிய காலின் பூட்ஸ் ஒரு ஆட்டோ அளவுக்கு. அது ஆண்கள் ஒன்றுக்குப் போகிற மூலை, என்றைக்கும் அப்படித்தான், பெயிண்ட் அடித்தால் நிறுத்திவிடுவார்கள் என்றார் மேகநாதன். நேற்று சாயங்காலம் கீழே இறங்கியபோது அவள் பார்த்தது அதைத்தான், ஒருத்தன் பூட்ஸுக்கு எதிரில் நின்று, படத்தை அண்ணாந்து பார்த்து ரசித்துக்கொண்டே, பேன்ட் ஜிப்பை இறக்கினான்.

இல்லை, அருவருப்பு அதற்கும் முன்னால் வந்தது. கர்ப்பப்பை எடுத்த வருஷம். ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் வந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறி, கதவைத் திறந்தால் முன்னறை முழுக்கப் பையன்கள். டோர்னமென்ட்டுக்கு வந்த கேரளா டீம், லாட்ஜ் சரியில்லையாம், மேகநாதன் நம்ம வூடு இருக்கு வாங்க என்றுவிட்டார். அவளுக்குச் சமையலறையில் பாய். இந்த ஜன்னலுக்குக் கீழே, இதோ இந்த இடத்தில், தலையை அடுப்பு மேடைக்கும் காலை வாசலுக்கும் கொடுத்துப் படுத்தாள். தண்ணீர் குடிக்க வருகிறவன் அவளைத் தாண்டிப் போனான், தாண்டித் திரும்பி வந்தான், தையல் போட்ட வயிற்றின் மேலே ஒவ்வொரு கால் போகிறபோதும் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கேஸ் ட்யூப்பின் மேல் சாக்ஸ் காயப் போட்டிருந்தார்கள். அவள் இடுப்புக்குத் தேய்க்கவென்று பக்கத்து வீட்டுப் பெண் காய்ச்சி வைத்துவிட்டுப் போன தேங்காயெண்ணெயை எடுத்துப் போய், மேகநாதன் ஒரு பையனின் கெண்டைக்காலில் தேய்த்துவிட்டார், அவள் கண்ணெதிரே, தன் பிள்ளைக்குத் தேய்ப்பதைப்போல அத்தனை பக்குவமாக. அந்தப் பையன் அம்மாவை நினைத்து அழுதான் என்று பிறகு ஊரெல்லாம் சொன்னார்கள். அவளைக் கேட்டால் சொல்லியிருப்பாள், அந்த எண்ணெய் வாசனை, அந்த சாக்ஸ் வாசனை, தன் புண்ணின் வாசனை, மூன்றும் சேர்ந்து மூக்கில் ஏறியபோது அவள் உயிரோடு கிடந்தது ஜன்னல் வழியாக வந்த காற்றினால்தான் என்று. வேறு யாரும் அந்த வாரம் அவளுக்கு எதுவும் கொடுக்கவில்லை. அந்த ஜன்னலைத்தான் இன்று காலையில் ஒரேயடியாகக் கொடுத்தார்.

இன்று காலையில். மூன்று வாரமாக அவள் விழா முடியட்டும், முடிந்ததும் பட்டியைச் சுரண்டித் திறந்துகொள்ளலாம், பந்தில் ஒரு கோடு தெரிந்தால் தெரியட்டும் என்று மனசுக்குள் சொல்லிச் சொல்லி நாளைத் தள்ளினாள். காலையில் டில்லிபாபு மீனைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு, "அண்ணி, பட்டி மழைக்கு நிக்காது. நாளைக்கு மேஸ்திரி வரான், செங்கல் வச்சி அடச்சிப் பூசிடலாம்" என்றான். அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் ஷேவ் பண்ணிக்கொண்டிருந்தார், பாதி முகத்தில் நுரை. கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அடச்சிக்கோ, நம்ம வூடுதானே, யாரு கேக்கப்போறா" என்றார். நான் கேக்குறேன் என்றாள் அம்சவேணி. அவர் சிரித்தார். கோபித்திருந்தால் தேவலை, சிரித்தார், குழந்தை மிட்டாய் கேட்டதற்குச் சிரிக்கிற சிரிப்பு. "பழகிடும் அம்சா. ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டுக்கலாம்." எந்தச் சுவத்துல என்று கேட்டாள். ஒரு பக்கம் பாத்ரூம், ஒரு பக்கம் அடுத்த வீடு, ஒரு பக்கம் முன்னறை, இருந்த ஒரே சுவர் பந்துக்குப் போய்விட்டது. அவர் நுரையை வழித்துப் போட்டார், டில்லிபாபு ஃபிளெக்ஸ் பேனர் பேச்சுக்குப் போய்விட்டான். அவ்வளவுதான். நாளைக்கு மேஸ்திரி. பழகிடும். காலையிலிருந்து அந்த வார்த்தைதான். பொய்யாக இருந்தால் பரவாயில்லை, அது நிஜம். பழகிவிடும். குக்கர் இல்லாமல் பழகவில்லையா, மிஷின் இல்லாமல் பழகவில்லையா. அடுத்த வருஷம் யாராவது இங்கே ஜன்னல் இருந்ததா என்று கேட்டால், இருந்துச்சு, இப்ப பழகிடுச்சு என்று அவளே சொல்லுவாள், அதுவும் சிரித்துக்கொண்டு சொல்லுவாள். அந்தச் சிரிப்பை இப்போதே அவளால் பார்க்க முடிந்தது. அவள் பயந்தது இருட்டுக்கு இல்லை, இழுப்புக்கும் இல்லை, நாளை மறுநாளின் தன் முகத்துக்குத்தான் பயந்தாள். அவர்மேல் வருகிற அருவருப்பைத் தாங்கிக்கொள்ளலாம். தன்மேலேயே வருகிறதே, சரி சரி என்று தலையாட்டிய இந்தத் தலைமேல், அதை எந்தத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவது.

வெளியே எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். பந்தின் மேல் மட்டும் பட்டுத்துணி ஒன்று தொங்கவிட்டிருந்தார்கள், சீஃப் கெஸ்ட் கயிற்றை இழுத்தால் துணி விழுந்து பந்து தெரியவேண்டும், அது டில்லிபாபுவின் யோசனை. சீஃப் கெஸ்ட் என்றால் யாரோ இல்லை, பெயிண்ட் கடை ராஜமாணிக்கம், டின் டின்னாக இலவசமாகக் கொடுத்த புண்ணியவான், மீன் என்றால் உயிராம். பத்து, ஒன்பது என்று பையன்கள் கத்தினார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் துணி சரசரவென்று உரசிக்கொண்டு விழுகிற சத்தம் அவளுக்கு மட்டும் தனியாகக் கேட்டது, யாரோ முதுகில் கை வைத்துத் தடவுவதைப்போல் உடம்பு கூசியது. கைதட்டல், விசில், பேண்டு வாத்தியம், வெடி. வெடியின் புகை எங்கிருந்தோ முன்வாசல் வழியாக ஏறி உள்ளே வந்து மீன் புகையோடு சேர்ந்தது. சட்டியைப் பார்த்தாள். எவ்வளவு நேரமாகப் பார்க்காமல் இருந்தாளோ, மீன் கறுத்துப் போயிருந்தது, மசாலா தீய்ந்து எண்ணெய் கொதித்துக் கறுப்புப் புகை. அடுப்பை அணைத்தாள். இருமல் வந்தது, இருமலுக்குள் இருமல் வந்தது, பூனைச் சத்தம் போய் விசில் சத்தமாகிவிட்டது. முன்னறைக்குப் போகலாம், வாசலுக்குப் போகலாம், நாலு எட்டுத்தான், கால் அந்தப் பக்கம் திரும்பவில்லை. எங்கே போவது, எதற்குப் போவது, இது என் அடுப்பு, இது என் காற்று. கை பூண்டு தட்டுகிற சின்ன இரும்புக் குழவியைத் தேடி எடுத்ததை அவள் பிறகுதான் கவனித்தாள். கம்பிகளின் நடுவே கையை விட்டு ஓங்கி இடித்தாள். மரம் அதிர்ந்தது, பட்டி உதிர்ந்தது. இன்னொரு இடி. வாய்க்குள் வந்த வார்த்தைகளை எஸ்தர் அக்காகூடச் சொல்லியிருக்கமாட்டாள். ஆணி கிரீச்சிட்டுக்கொண்டு கழன்றது, இரண்டு கதவும் படாரென்று வெளியே திறந்துகொண்டன.

வெளிச்சம் கண்ணைக் குத்தியது. உள்ளே அடைந்திருந்த புகையெல்லாம் அவளைத் தள்ளிக்கொண்டு வெளியே பாய்ந்தது. கண்ணீருக்கு நடுவே கீழே பார்த்தாள். மைதானம் நிறைய அண்ணாந்த முகங்கள், எல்லா முகமும் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தன, பந்தின் நடுவில் ஓட்டை, ஓட்டையிலிருந்து கறுப்புப் புகை, புகைக்குள் அவள் தலை. பேண்டு நின்றுவிட்டது. டில்லிபாபு மைக்கைப் பிடித்தபடி வாயைத் திறந்து வைத்திருந்தான், அந்த நாக்கில் யாரும் வந்து உட்காரவில்லை. ஆர்ட்டிஸ்ட் பையன் தலையில் கை வைத்துக்கொண்டான். நல்லது, பார்க்கட்டும், நல்ல அசிங்கமாக இருக்கட்டும் என்று நினைத்தாள், அந்த ஒரு நொடி அவளுக்கு வயிறு குளிர்ந்தது. அப்போது மேகநாதன் எழுந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, பொன்னாடை நழுவ, மெதுவாக வந்து டில்லிபாபுவின் கையிலிருந்து மைக்கை வாங்கினார். மேலே பார்த்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள், படட்டும், எல்லார் எதிரிலும் படட்டும், அதற்குப் பதில் அவளிடம் இருந்தது, மூச்சு வந்ததும் சொல்லுவாள்.

"அது எங்க வூட்டு ஜன்னல்," என்றார் மேகநாதன். "நான் ஆடுன ஆட்டத்துக்கெல்லாம் பின்னால இருந்தவ அவ. அவ பாக்கட்டும்னுதான் ஜன்னலைத் தொறந்து வுடச் சொன்னேன். படம் கெட்டாலும் கெடட்டும், யாரும் அதை அடைக்கக் கூடாது. அது நான் அவளுக்குக் குடுத்தது."

கைதட்டல் முதலில் மேடையில் ஆரம்பித்தது. பெயிண்ட் கடை ராஜமாணிக்கம் எழுந்து நின்று தட்டினார். பிறகு மைதானம் முழுக்கத் தட்டியது, பெண்கள் பக்கத்தில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள், மேகநாதன் மாதிரி மனுஷன் உண்டா என்று ஒருத்தன் பக்கத்தில் இருந்தவனிடம் சொல்லுவது அவள் காதில் விழாமலே கேட்டது. பொய் என்று கத்த வாயைத் திறந்தாள், இருமல்தான் வந்தது. அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர். அதுதான் தாங்க முடியவில்லை, பொய் சொல்லுகிற முகமாக இருந்தால் துப்பிவிட்டுப் போகலாம், அந்த மனுஷன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நம்பிவிட்டார், தான் கொடுத்ததாகவே நம்பிவிட்டார், இனி சாகும்வரை ஒவ்வொரு விழாவிலும் சொல்லுவார். நாளைக்கு மேஸ்திரி வரமாட்டான். ஜன்னல் இருக்கும். தினமும் காலையில் முகம் கழுவிய கையோடு திறப்பாள், திறக்கும்போதெல்லாம் அது அவர் கொடுத்ததாக இருக்கும், இப்போது சாத்தினால் அவர் கொடுத்ததைச் சாத்தியதாக இருக்கும். கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டாள். கால்வாய்ப் பக்கமிருந்து காற்று வந்தது, மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது, உடம்புக்கு வெட்கம் மானம் கிடையாது, யார் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். அண்ணி கை காட்டுங்க, அண்ணி கை காட்டுங்க என்று பையன்கள் கீழேயிருந்து கூச்சலிட்டார்கள், போட்டோக்காரன் கேமராவைத் தூக்கிவிட்டான். அவள் காட்டவில்லை. கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். ஆனால் மசாலா நெடி கண்ணில் ஏறி எரிந்தது, தண்ணீர் தாரையாக ஊற்றியது, எதிரே ஒன்றும் தெரியவில்லை. துடைப்பதற்குக் கையைத் தூக்கினாள். மைதானமே ஆரவாரத்தோடு அவளுக்குத் திரும்பக் கை காட்டியது, மேடையிலிருந்து மேகநாதனும் காட்டினார்.